காயம் பயிற்சியின் விலை அல்ல

"அடி படாம எவன்டா போலீஸ் ஆனான்?" ஆவடிப் பக்கம் ஓட்டப் பயிற்சிக்குப் போகும் பையன்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி இது. கேட்பவர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தாராகவோ, செலக்‌ஷனில் தேறி வேலையில் இருக்கும் ஒரு சீனியராகவோ இருப்பார். தன் இளமையில் தனக்குச் சொல்லப்பட்டதை அக்கறையோடுதான் அடுத்தவனுக்குச் சொல்கிறார். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு கொள்கை உட்கார்ந்திருக்கிறது: காயம் பயிற்சியின் விலை, கொடுத்தவன் வீரன், கொடுக்க முடியாதவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு கொள்கையும் உண்டு. பிசியோதெரபிஸ்ட் என்பவர் அடிபட்ட பிறகு கரண்ட் வைக்கிறவர், அதற்கு முன்னால் மைதானத்தில் அவருக்கு வேலை இல்லை என்பது அது.

இரண்டும் தவறு. அம்பத்தூர்ப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறவன் நான். இருபது வயதுக் கால்களைப் பார்த்துப் பார்த்து வந்த கோபம் இந்தக் கட்டுரை. கோபத்தை மட்டும் வைத்து வாதாட முடியாது என்பதால் சான்றுகளையும் கூடவே வைக்கிறேன்.

இந்த வட்டாரத்துக்கும் சீருடைக்கும் உறவு பழையது. ஆவடியில் சி.ஆர்.பி.எஃப். இருக்கிறது, தமிழ்நாடு சிறப்புக் காவல்படையின் பட்டாலியன்கள் இருக்கின்றன, விமானப்படை நிலையம் இருக்கிறது. 1961-ல் வந்த டாங்கித் தொழிற்சாலையைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்தது. கொஞ்சம் தள்ளிப் பரங்கிமலையில் 1963 முதல் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சிக் கழகம். அப்பா தொழிற்சாலையில், மாமா பட்டாலியனில் என்றால் பையனும் விடிகாலையில் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். பருத்திப்பட்டு ஏரிக்கரை, கொரட்டூர், சி.டி.எச். ரோட்டின் ஓரம், பூந்தமல்லி பைபாஸ் என்று எங்கும் ஓட்டம். காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். துணை ராணுவத்துக்கு 5 கிலோமீட்டர், 24 நிமிடம். ராணுவத்துக்கு 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்தால்தான் முழு மதிப்பெண். அறிவிப்பு வரும்வரை படிப்பு, டெலிவரி வேலை, கம்பெனி ஷிப்ட் என்று இருந்தவன், அறிவிப்பு வந்த மறுநாளே தார்ச் சாலையில் தினம் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடத் தொடங்குகிறான். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் என்னிடம் வந்து சேர்கிறான்.

கட்டிலில் காலை நீட்டி உட்காருவான். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, உட்பக்க எலும்பின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்குவேன். நான்கைந்து விரலகலத்துக்கு வலி பரவியிருந்தால் பெரும்பாலும் எலும்பைச் சுற்றியுள்ள சவ்வு நொந்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டத்தைக் குறைத்தே சரிசெய்துவிடலாம். விரல்நுனி அளவு ஒரே இடத்தில் அழுத்தும்போது காலை வெடுக்கென்று இழுத்தால் விஷயம் வேறு, எலும்பிலேயே விரிசல் இருக்கலாம். ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்வேன். பல்லைக் கடித்துக்கொண்டு குதிப்பான். "எக்ஸ்ரே எடுத்தாச்சு சார், ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்பான். எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காதுதான். இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பெரும்பாலும் அதில் தெரியாது, எம்.ஆர்.ஐ. வேண்டும். அடுத்த கேள்வியும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "மாத்திரை போட்டுக்கிட்டு ஓடலாமா சார்? டெஸ்ட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு."

அவனுக்கு என்ன நடந்தது? எலும்புக்கு உயிர் உண்டு. புதுச் சுமை வந்தால் தன்னைப் புதுப்பிக்கப் பார்க்கும். அந்த வேலையில் ஒரு வரிசை இருக்கிறது. பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் முதலில் வருகின்றன, புதிதாகக் கட்டும் செல்கள் பின்னால் வருகின்றன. கரைக்க ஏறக்குறைய மூன்று வாரம் என்றால், கட்டி இறுக மூன்று மாதம்கூட ஆகும். இடையில் ஒரு காலம் எலும்பு முன்பிருந்ததைவிடப் பலவீனமாக நிற்கிறது. மூச்சும் தசையும் எலும்பைவிட வேகமாகத் தேறிவிடுவதால், சரியாக அந்த வாரங்களில்தான் "பையன் செட் ஆயிட்டான்" என்று தூரத்தைக் கூட்டுகிறார்கள். நெஞ்சு தாங்குகிறது, கால் எலும்பு தாங்குவதில்லை. இதில் வீரமும் கோழைத்தனமும் எங்கே வந்தன? எலும்பு தன் வேலையை முடிக்க நாம் நாள் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ராணுவங்களுக்கு இது புதிதும் இல்லை. பிரஷ்யப் படையின் மருத்துவர் பிரைட்ஹவுப்ட், நடைப்பயிற்சியில் பாதம் வீங்கி வலித்த சிப்பாய்களைப் பற்றி 1855-லேயே எழுதிவிட்டார். அப்போது எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படவில்லை. எக்ஸ்ரே வந்த பிறகுதான் அந்த வீக்கத்துக்கு அடியில் எலும்பு முறிவு இருந்தது தெரிந்தது. நூற்றெழுபது ஆண்டுகளாகப் படைகளுக்குத் தெரிந்த ஒரு காயத்தை இன்றைக்கும் "பையனுக்குத் தாங்கலை" என்று தனிமனிதக் குறையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

"தாங்காதவன் கழிந்து போகட்டும், படைக்கு அதுதான் நல்லது" என்பது எதிர்த்தரப்பின் பலமான வாதம். அதை நேராகவே எடுத்துக்கொள்வோம். இஸ்ரேலில் சார்ல்ஸ் மில்க்ரோமும் சகாக்களும் 295 புதுச் சிப்பாய்களைப் பயிற்சிக் காலத்தில் தொடர்ந்து பார்த்து 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். 31 சதவீதம் பேருக்கு இந்த வகை எலும்பு விரிசல். மூன்றில் ஒருவனை நோஞ்சான் என்று ஒதுக்கும் படை எதிரியோடு எப்போது சண்டை போடும்? அவர்கள் ஒதுக்கவில்லை, கால் நூற்றாண்டு முட்டி மோதிக் காரணம் தேடினார்கள். ஷூவுக்குள் பட்டை வைத்துப் பார்த்தார்கள், மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் பலன் தந்தவை இரண்டு: இரவில் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியது, மொத்தமாக நடக்கும் தூரத்தைக் குறைத்தது. விரிசல்கள் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. இரண்டுமே கால அட்டவணையில் செய்த மாற்றங்கள்.

"குறைத்தால் தரம் குறையுமே" என்பார்கள். அமெரிக்க மரைன் படையைவிடக் கறாரான பயிற்சியை யாரும் உதாரணம் காட்டப் போவதில்லை. சான் டியேகோவில் அங்கே ஒரு கணக்குப் பார்த்தார்கள். பயிற்சிக் காலம் முழுவதும் ஓடிய மொத்தத் தூரம் ஒரு பிரிவுக்கு 55 மைல், இன்னொரு பிரிவுக்கு 33 மைல். எலும்பு விரிசல் நூற்றுக்கு 3.7 என்பதிலிருந்து 1.7 ஆனது. கடைசியில் வைத்த மூன்று மைல் ஓட்டத்தில் குறைவாக ஓடிய பிரிவு அரை நிமிடம்தான் பின்தங்கியது. இருபது நிமிடத்துக்கும் மேல் ஆகும் ஓட்டத்தில் அரை நிமிடம்! அந்த அரை நிமிடத்துக்காக இருமடங்குக் கால்களை உடைப்பது கண்டிப்பு ஆகாது, வீண் செலவு. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: தேர்வு மைதானத்தில் நிற்கும் தனி ஒருவனுக்கு அரை நிமிடம் என்பது வாழ்க்கை. அவனிடம் தூரத்தைக் குறை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. முன்னதாகத் தொடங்கு, படிப்படியாக ஏற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடு, தினம் ஒரே வேகத்தில் நீள ஓடாமல் சின்னச் சின்ன வேக ஓட்டங்களாகப் பிரித்து ஓடு என்று ஒரு திட்டத்தைக் கையில் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க ஆள் இல்லாததுதான் என் புகார்.

"நாங்கதான் வார்ம் அப் பண்றோமே, காலை இழுத்துப் பிடிச்சு ஸ்ட்ரெச் பண்றோமே" என்று சொல்பவர்களுக்கு ராட்னி போப் என்ற பெயரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். ஆஸ்திரேலிய ராணுவத்தின் கப்புக்கா பயிற்சி முகாமில் வேலை செய்த பிசியோதெரபிஸ்ட் அவர், பின்னாளில் பேராசிரியர். 1538 புதுச் சிப்பாய்களை அவரும் சகாக்களும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் காலின் ஆறு தசைக் குழுக்களுக்குத் தலா 20 நொடி ஸ்ட்ரெச் செய்தது. மறுபாதி செய்யவில்லை. 12 வாரம் கழித்து எண்ணினால், ஸ்ட்ரெச் செய்தவர்களிடம் 158 கால் காயங்கள், செய்யாதவர்களிடம் 175. சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. 2000-ல் வெளியான இந்த முடிவு, உலகெங்கும் பிசியோக்களே கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒன்றைப் புரட்டிப் போட்டது. காயத்தோடு அழுத்தமாகத் தொடர்புடையதாக அதே ஆய்வு காட்டியது, வந்து சேரும்போது இருந்த உடல் தகுதியை. தகுதி குறைந்து வந்தவர்களுக்கே காயம் அதிகம். "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரி, கழித்துவிடுங்கள்" என்று இதை எடுத்துக்கொண்டு குதிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். தகுதி பிறவிக் குணம் இல்லை. எட்டு, பன்னிரண்டு வாரத்தில் வளர்த்தெடுக்கக்கூடியது. அதற்குத்தான் பயிற்சி என்று பெயர்.

ஷூவின் கதையும் இதுவே. பாத வளைவைப் பார்த்து ஆளுக்கொரு வகை ஷூ கொடுத்தால் காயம் குறையும் என்று கடைக்காரர் முதல் மருத்துவர் வரை சொல்லி வந்தார்கள். ஜோசஃப் நேப்பிக் குழு அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை என்று மூன்று இடத்திலும் சோதித்தது. மூன்றிலும் பலன் இல்லை. ஐந்தாயிரம் ரூபாய் ஷூ வாங்கித் தர முடியவில்லையே என்று என் முன்னால் கண் கலங்கிய அம்மாக்களை நினைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். "உங்க மேல குத்தம் இல்லம்மா" என்று அவர்களிடம் சொல்ல எனக்கு இந்த ஆய்வு தேவைப்பட்டது.

எது பலன் தரும்? தசை வலுப்பயிற்சி தரும். 25 ஆய்வுகளில் பங்கெடுத்த 26,610 பேரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த லவுர்சென் குழுவின் 2014 கட்டுரை, ஸ்ட்ரெச்சிங்குக்குப் பலன் காணவில்லை. வலுப்பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்ததைக் கண்டது. நார்வேயில் 1892 பள்ளிப் பருவப் பெண் கால்பந்து வீராங்கனைகளிடம் சோதித்த இருபது நிமிடப் பயிற்சித் தொகுப்பு, ஃபிஃபாவின் பெயரில் இன்று உலகெங்கும் போகிறது. அதற்கு மிஷின் எதுவும் வேண்டாம். தொடையின் பின்தசைக்கு டென்மார்க்கில் சோதித்த பயிற்சிக்குக் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள ஒரு நண்பன் போதும். அம்பத்தூரில் எந்தத் தெருவிலும் அதைச் செய்யலாம்.

பெண்களின் விஷயத்தில் இந்தப் பழைய கொள்கை செய்யும் அநியாயம் இன்னும் பெரிது. தமிழ்நாட்டுக் காவல்துறைக்குப் பெண்கள் 1973-ல் வந்தார்கள், பரங்கிமலைக்கு 1992-ல். அரை நூற்றாண்டு ஆகியும் "பொம்பளைப் புள்ளைங்களுக்கு இடுப்பு தாங்காது" என்ற பேச்சு நிற்கவில்லை. அதே கப்புக்காவில் பெண் சிப்பாய்களுக்கு இடுப்பெலும்பில் விரிசல் வந்துகொண்டிருந்தது. நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். பெண் உடல் இதற்கு லாயக்கில்லை என்று முடிவு கட்ட அதுவே போதுமாக இருந்திருக்கும். போப் அணிவகுப்பைப் பார்த்தார். உயரமான ஆண்களின் எட்டுக்கு ஈடு கொடுக்க, குள்ளமான பெண்கள் ஒவ்வொரு அடியையும் எட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த எட்டிப் போடுதல்தான் இடுப்பெலும்பை ஆயிரமாயிரம் தடவை இழுத்தது. நடை வேகத்தை மணிக்கு 7.5 கிலோமீட்டரிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். அவரவர் எட்டில் நடக்க விட்டார்கள். வரிசையில் இடைவெளி கூட்டினார்கள், மெத்தென்ற தரையில் ஓட வைத்தார்கள், நீள ஓட்டத்தைச் சின்ன ஓட்டங்களாக உடைத்தார்கள். 11.2 சதவீதமாக இருந்த விரிசல் 0.6 சதவீதமானது. அதே வயதுப் பெண்கள், அதே முகாம். மாறியது அணிவகுப்பும் ஓட்டமும் நடந்த விதம் மட்டும்.

ஒரு பிசியோதெரபிஸ்டின் வாழ்நாள் வேலை இப்படியும் இருக்க முடியும். நம்மூரில் "ஸ்போர்ட்ஸ் பிசியோ" என்றால் ஐ.பி.எல். அணியோடு பவுண்டரி ஓரம் பையோடு உட்கார்ந்திருப்பவர். நான்கரை ஆண்டு படித்து, மேற்படிப்பும் முடித்து வரும் பிள்ளைகளின் கனவும் அங்கேயே நிற்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்காலிகள் எத்தனை? இங்கே விடிகாலையில் ஓடும் கால்கள் எத்தனை?

கிரிக்கெட்டிலும், சுமையைக் கணக்கெடுக்காத இதே நோய் இருக்கிறது. 1973-ல் முதுகெலும்பு விரிசலோடு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து திரும்பிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியை, உடல் தகுதி வல்லுநர் ஃபிராங்க் பைக் மாதக்கணக்கில் படிப்படியாகத் தேற்றியதால்தான் 1974-ல் மீண்டும் அவருடைய வேகப்பந்தைப் பார்க்க முடிந்தது. அதே லில்லி 1987-ல் சென்னைக்கு வந்து எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் நம் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இத்தனை வருடம் கழித்தும் அம்பத்தூர்ப் பையன் ஒருவன் பள்ளி அணிக்கு ஐந்து ஓவர், அகாடமி வலையில் பத்து ஓவர், ஞாயிறு லீக்கில் எட்டு ஓவர் போடுகிறான். மூன்று இடத்திலும் மூன்று கோச். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க யாரும் இல்லை. முதுகு பிடித்துக்கொண்டதும் "கரண்ட் வெச்சு ரெடி பண்ணிடுங்க சார், சனிக்கிழமை மேட்ச் இருக்கு" என்று அப்பா கூட்டிக்கொண்டு வருகிறார்.

எங்கள் தொழிலும் இதற்கு உடந்தை. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றவர்களைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. மிஷினை வைத்தால் சிகிச்சை நடந்ததாக நோயாளி நம்புகிறார். அறிவுரைக்கும் ஓட்டத் திட்டத்துக்கும் காசு கொடுக்க அவருக்கு மனம் வருவதில்லை. பத்து நாள் மிஷின் வைத்தால் பத்து நாள் வருமானம். அந்தக் கணக்கில் நாங்களே எங்களைக் கரண்ட் வைக்கிறவர்களாகச் சுருக்கிக்கொண்டோம். எலும்பு விரிசல் கண்ட காலுக்கு எந்த மிஷினும் ஓய்வுக்கு ஈடாகாது என்று தெரிந்தும் வாய் திறக்காத பிசியோ, "அடி படாம எவன்டா போலீஸ் ஆனான்" என்று கேட்கும் சீனியரைவிடப் பெரிய தவறு செய்கிறார். அவருக்காவது தெரியாது. 2021-ல் தேசியச் சட்டம் வந்து எங்கள் தொழிலுக்கு ஆணையமும் அங்கீகாரமும் கொடுத்தது. பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாமா கூடாதா என்று நாங்கள் சண்டை போட்ட நேரத்தில் பாதியைக் காயத் தடுப்புக்குச் செலவிட்டிருந்தால் அந்த அங்கீகாரத்துக்கு அர்த்தம் இருந்திருக்கும்.

இதே ஆவடியில், டாங்கிகளை வடிவமைக்கும் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1965-ல் விஜயந்தா வெளிவந்த ஊர் இது, அர்ஜுன் பிறந்த ஊர் இது. ஒரு டாங்கி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, சஸ்பென்ஷன் எவ்வளவு அடி வாங்கியது, எப்போது பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்குப் பதிவேடு உண்டு. சங்கிலி அறுந்தால் "இந்த டாங்கிக்கு மனவுறுதி போதாது" என்று எந்தப் பொறியாளரும் சொல்லமாட்டார். அந்த மரியாதையை ஒரு சிப்பாயின் முன்னங்கால் எலும்புக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"இதற்கெல்லாம் வசதி வேண்டாமா?" என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். வசதி இங்கேயே இருக்கிறது. போரூர் ராமச்சந்திராவின் ஆய்வகம், பந்துவீச்சாளரின் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்கிறதா என்று அளக்கச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றது. சுனில் நரைனைச் சோதித்ததும் அங்கேதான். மதுரவாயல், தண்டலம் என்று பூந்தமல்லி நெடுஞ்சாலை நெடுகப் பிசியோதெரபி கல்லூரிகள். அங்கே மேற்படிப்பு மாணவர்கள் ஆளுக்கொரு ஆய்வேடு எழுதியாக வேண்டும். பெரும்பாலும் முப்பது நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, இந்தச் சிகிச்சையா அந்தச் சிகிச்சையா என்று பார்த்து, பைண்டு செய்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். காயத் தடுப்பின் அடிப்படை வரிசையை டச்சு ஆய்வாளர் வான் மெக்கலன் 1992-ல் எழுதி வைத்தார்: எத்தனை காயம் என்று எண்ணு, காரணத்தைத் தேடு, ஒரு மாற்றத்தைச் செய், திரும்ப எண்ணு. முதல் படிக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் மைதானத்தில் காலையில் நிற்க ஓர் ஆளும் போதும்.

ஒரு கல்லூரி ஆவடி மைதானத்தை எடுத்துக்கொள்ளட்டும், இன்னொன்று அம்பத்தூரை, மூன்றாவது பூந்தமல்லியை. காவலர் தேர்வு அறிவிப்பு வரும் நாளிலிருந்து ஓட்டத் தேர்வு முடியும் நாள்வரை, ஓடும் ஒவ்வொரு பையனும் பெண்ணும் வாரத்துக்கு எவ்வளவு ஓடினார்கள், எங்கே வலித்தது, எத்தனை நாள் நின்றார்கள் என்று எழுதட்டும். பெயர் வேண்டாம், வயதும் தூரமும் காலும் போதும். பயிற்சி கொடுக்கும் அந்த ஓய்வுபெற்ற ஹவில்தாரையும் கூட உட்கார வையுங்கள். பையன்கள் அவர் சொன்னால்தான் கேட்பார்கள். அடுத்த ஆண்டு முதல் நான்கு வாரத் தூரத்தைக் குறைத்து, வாரம் இரண்டு நாள் வலுப்பயிற்சி சேர்த்து, திரும்ப எண்ணட்டும். என்னிடம் வந்த கால்களின் குறிப்புகள் அட்டைகளாக இருக்கின்றன. பெயரை நீக்கிவிட்டு, முதலில் கேட்கும் கல்லூரியிடம் கொடுத்துவிடுகிறேன்.